மாலையில் அரை மணி நேரம்: குடும்பமாக விளையாடுவோம்

கமக்காரக் குடும்பத்திற்குத் தோட்டம் வருமானம் தரும் நிலம் மட்டுமன்று. தகப்பன் இறைக்க, தாய் பாத்திக்குத் தண்ணீர் கட்ட, பிள்ளைகள் களை பிடுங்க, குடும்பம் ஒன்றாயிருந்த இடமும் அதுவே. பேச்சும் பகிடியும் கண்டிப்பும் அங்கேதான் நடந்தன. இடம்பெயர்ந்தபோது காணியோடு இதையும் இழந்தோம்.

இன்று ஒரே கொட்டிலுக்குள் ஐந்தாறு பேர் வாழ்கிறோம். ஆயினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது குறைந்துவிட்டது. கூலி வேலை கிடைக்காது திரும்பிய தகப்பன் வாசலில் மௌனமாக இருக்கிறார். தாய் தண்ணீர் வரிசையில் நிற்கிறாள். மூத்தவன் கைத்தொலைபேசியோடு ஒதுங்கிவிடுகிறான். இந்த மௌனம் முற்றித்தான் பல வீடுகளில் குடியாகவும் சண்டையாகவும் வெளிப்படுகின்றது.

விளையாட்டு வீண்பொழுதா?

“சாப்பாட்டுக்கே வழியில்லை, இதற்குள் விளையாட்டு ஒரு கேடா?” என்று பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் விளையாட்டு பிள்ளைகளின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் தனது 31ஆம் உறுப்புரையில் கூறுகின்றது. இலங்கை அதனை 1991இல் ஏற்றுக்கொண்டது. முகாமிலுள்ள பிள்ளைக்கும் அவ்வுரிமை உண்டு.

திருவிவிலியத்திலும் இதைக் காண்கிறோம். பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்டுத் திரும்பிய மக்களுக்கு எருசலேமின் மறுவாழ்வைக் காட்ட, இறைவாக்கினர் செக்கரியா (8ஆம் அதிகாரம்) தெருக்களில் முதியோர் அமர்ந்திருப்பதையும் சிறுவர் சிறுமியர் விளையாடுவதையும் எடுத்துரைக்கிறார். முதியோரும் பிள்ளைகளும் ஒரே இடத்தில் பயமின்றி இருப்பதே மறுவாழ்வின் அடையாளம். அதை எமது கொட்டிலிலேயே தொடங்கலாம்.

எதை விளையாடுவது?

கொக்கான், தாயம், நாயும் புலியும், பல்லாங்குழி ஆகியன எமது ஆச்சிமாருக்குத் தெரிந்தவை. காசு செலவில்லை. பல்லாங்குழியை எடுத்துக்கொள்வோம்.

மண் தரையாயின் ஏழு ஏழாக இரு வரிசையில் 14 குழிகள் கிண்டுங்கள். சீமெந்துத் தரையில் கரியால் 14 வட்டங்கள் கீறினால் போதும். குழிக்கு 5 வீதம் 70 புளியங்கொட்டைகள் வேண்டும். உங்கள் பக்கத்துக் குழியொன்றில் உள்ளதை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்லுங்கள். கையில் உள்ளவை முடிந்ததும் அடுத்த குழியை அள்ளித் தொடருங்கள். அடுத்த குழி வெறுமையாயின், அதற்கு அப்பாலுள்ள குழியின் காய்கள் உங்களுக்கு. பின் மற்றவரின் முறை. இரண்டு குழிகள் தொடர்ந்து வெறுமையாயின் ஒன்றும் கிடையாது. தோற்றவர் அடுத்த ஆட்டத்தில் தம்மிடமுள்ள காய்களால் இயன்ற குழிகளை மட்டும் நிரப்புவார். மிகுதிக் குழிகள் அந்த ஆட்டத்தில் சும்மா கிடக்கும். விதிகள் ஊருக்கு ஊர் சற்று வேறுபடும்.

ஒரு வீட்டில் கண்டது

1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பமொன்றை 2014இல் ஒரு நலன்புரி நிலையத்தில் சந்தித்தோம். தகப்பன் அதிகம் பேசாதவர், குடிப்பழக்கமும் இருந்தது. அன்று செபமாலை முடிந்தபின் ஆச்சி கரியால் வட்டங்கள் கீறி, மகனையும் பத்து வயதுப் பேர்த்தியையும் எதிரெதிரே இருத்தினார். தகப்பன் தொடர்ந்து தோற்று மூன்று குழிகளோடு நின்றார்.

“மிச்சக் குழியளை என்ன செய்யிறது அப்பா?” என்று பிள்ளை கேட்டாள்.

“அது தரிசு பிள்ளை. விதைக்க ஒண்டுமில்லை” என்றவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர் செம்மண் தோட்டத்தையும் வெங்காயப் பாத்திகளையும் கிணற்றடியையும் பற்றிச் சொல்லத் தொடங்கினார். முகாமில் பிறந்த அப்பிள்ளை அதுவரை அந்தத் தோட்டத்தைப் பற்றிக் கேட்டதேயில்லை. மூத்தவனும் கிட்ட வந்து இருந்தான்.

அவர் அன்றே குடியை விட்டுவிட்டார் என்று எழுதினால் அது பொய்யாகும். ஆனால் ஒரு மாதத்தின் பின் போனபோது கரிக்கோடுகள் தரையில் இருந்தன. பிள்ளை தன் கொப்பியில் தோட்டத்தைப் படமாகக் கீறி, கிணறு எந்தப் பக்கம் என்று தகப்பனிடம் கேட்டு அழித்துத் திருத்தியிருந்தாள்.

கவனிக்க வேண்டியவை

1. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அரை மணி நேரத்தை ஒதுக்குங்கள். அந்நேரம் கைத்தொலைபேசிகள் ஓரிடத்தில் இருக்கட்டும்.
2. முதியவர் கற்பிக்கட்டும். அவருக்கும் வீட்டில் ஓர் இடம் உண்டென்பதைப் பிள்ளைகள் காண்பார்கள்.
3. பந்தயம் வேண்டாம். தோற்றவரைப் பழிக்கவும் வேண்டாம்.
4. படிப்புக் குறைகளையும் கடன் பேச்சையும் அந்த அரை மணி நேரத்தில் எடுக்காதீர்கள்.
5. தகப்பனையோ பிள்ளையையோ இழந்த, காணாமற்போனோரைத் தேடும் வீடுகளில் யாரையும் வற்புறுத்தாதீர்கள். அருகிலிருந்து பார்த்தாலே போதும். அயல்வீட்டுப் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள்.

விளையாட்டு காணியைத் திருப்பித் தராது. அதற்கான கோரிக்கையை நாம் கைவிடவும் கூடாது. ஆனால் காணி கிடைக்கும் வரை பிள்ளைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள். மூன்று குழிகளோடும் ஆட்டத்தைத் தொடரலாம் என்பதை அவர்கள் எம்மிடமிருந்தே கற்க வேண்டும்.

குடும்பமாகக் கலந்துரையாட:

• நாம் அனைவரும் கடைசியாக ஒன்றாகச் சிரித்தது எப்போது?
• எமது ஊரைப் பற்றிப் பிள்ளைகளுக்கு இன்னும் சொல்லாதது என்ன?
• இவ்வாரம் எந்த மூன்று மாலைகளை ஒதுக்கப் போகிறோம்?