பழைய தண்டவாளம் வாங்கலாமா? வணிகர்களுக்கு ஒரு பாடம்

விளாங்குடி வட்டாரத்தில் கடை நடத்தும் நமக்கு ரயில் பாதை அந்நியமானதல்ல. பக்கத்திலேயே கூடல்நகர் ரயில் நிலையம் இருக்கிறது. நாம் விற்கும் அரிசியிலும் கோதுமையிலும் ஒரு பங்கு தண்டவாளத்தின் மேல் ஏறி வந்ததுதான். ஆனால் அந்தத் தண்டவாளம் எப்படி உருவாகிறது, எத்தனை காலம் உழைக்கிறது, உழைத்து முடித்தபின் எங்கே போகிறது என்று நம்மில் பலர் யோசித்ததில்லை.

யோசிக்க வேண்டிய காரணம் இருக்கிறது. மதுரையின் பழைய கட்டடங்கள் சிலவற்றில் மச்சைத் தாங்கி நிற்பது தண்டவாளம்தான். கொல்லன் பட்டறையில் அடிகல்லாகவும், பள்ளிக்கூடத்தில் மணியாகவும் தண்டவாளத் துண்டைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். எனவே கிட்டங்கி கட்டும்போது யாராவது வந்து, "பழைய தண்டவாளம் மலிவாக இருக்கிறது, பரணுக்குப் போடலாம்" என்றால் மனம் அசையத்தான் செய்யும். அந்த நேரத்தில் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்களை இந்தப் பாடத்தில் பார்ப்போம்.

ஆலையில் நடப்பது

நம் நாட்டில் தண்டவாளத்துக்குப் பேர்போன இடம் சத்தீஸ்கர் மாநிலத்தின் பிலாய். அங்குள்ள அரசு உருக்காலை 1960 முதல் தண்டவாளம் உருட்டி வருகிறது. ராய்கரில் தனியார் ஆலை ஒன்றும் தயாரிக்கிறது.

இரும்புத் தாது, கல்கரி, சுண்ணாம்புக்கல் மூன்றையும் ஊதுலையில் இட்டு இரும்பை உருக்குகிறார்கள். அதில் ஆக்சிஜனைச் செலுத்தி வேண்டாத கரியை எரித்து உருக்கு ஆக்குகிறார்கள். சாதாரணக் கட்டடக் கம்பியில் கரிச் சத்து குறைவு. தண்டவாள உருக்கில் அது 0.6 முதல் 0.8 சதவீதம் வரை இருக்கும். சக்கரம் உரசி உரசித் தேயாமல் இருக்க இந்தக் கடினம் தேவை. இந்தக் கரிச் சத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதனிடம் திரும்ப வருவோம்.

அடுத்து, உருகிய உருக்கைக் காற்றில்லாத கலத்தில் வைத்து அதிலுள்ள ஹைட்ரஜன் வாயுவை உறிஞ்சி எடுக்கிறார்கள். ஈரம் காயாத பருப்பை மூட்டை கட்டினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே கெட்டுப்போகும். உருக்கினுள் தங்கிய ஹைட்ரஜனும் அப்படியே. உள்ளே மயிரிழை போன்ற வெடிப்பை உண்டாக்கும். ஒருநாள் வண்டி ஓடும்போது தண்டவாளம் முறியும்.

பிறகு உருக்கைக் கட்டிகளாக வார்த்து, மறுபடி பழுக்கக் காய்ச்சி, உருளைகளுக்கு இடையே பலமுறை செலுத்தித் தலை, இடை, அடி என்ற மூன்று பாகமுள்ள வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். ஆறியபின் நேராக்கி, செவிக்குக் கேட்காத ஒலி அலைகளை உள்ளே செலுத்திக் குறை இருக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.

முன்பெல்லாம் அகலப் பாதைத் தண்டவாளம் 13 மீட்டர் நீளம். பிலாயில் இப்போது 130 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாக உருட்டி, இரண்டை இணைத்து 260 மீட்டராக அனுப்புகிறார்கள். மீட்டருக்கு 60 கிலோ எடை. ஒரு கிலோமீட்டர் பாதையின் இரு பக்கத்துக்கும் சேர்த்து 120 டன் உருக்கு வேண்டும்.

பாக்கெட்டில் தேதி போடுவதுபோல், தண்டவாளத்தின் இடைப்பகுதியிலும் ஆலையின் பெயர், எடைப் பிரிவு, உருட்டிய வருடம் ஆகியவை புடைப்பு எழுத்தில் இருக்கும். ஆங்கிலேயர் காலத்துத் தண்டவாளமானால் சீமை ஆலையின் பெயரையே அதில் படிக்கலாம்.

பாதையில் பராமரிப்பு

தண்டவாளத்துக்கு மூன்று பகைவர்கள்: தேய்மானம், துரு, வெயில்.

வளைவுகளில் சக்கர விளிம்பு உரசும் பக்கத்தில் கிரீஸ் தடவித் தேய்மானத்தைக் குறைக்கிறார்கள். ஒரு பக்கம் தேய்ந்தால் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்துவதும் உண்டு. உப்புக் காற்று வீசும் இடங்களில் துருவைத் தடுக்கும் வண்ணம் பூசுகிறார்கள். ரயில் பெட்டிக் கழிப்பறைக் கழிவு பாதையில் விழுந்து அடிப்பகுதியை அரித்து வந்தது. உயிரிக் கழிப்பறைகள் வந்தபின் அந்தத் தொல்லை பெரிதும் தீர்ந்தது.

வெயில் கணக்கு எளியது. 13 மீட்டர் தண்டவாளம் 30 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் சுமார் நாலரை மில்லிமீட்டர் நீளும். இணைப்பில் இடைவெளி விட்டது இதற்காகத்தான். பற்றவைத்த நீளத் தண்டவாளத்தில் இடைவெளி இல்லை. கான்கிரீட் கட்டைகளும் ஜல்லியும் அதை அசையவிடாமல் பிடித்திருக்கின்றன. அதனால்தான் சித்திரை வெயிலிலும் கீமேன் பாதை நெடுக நடந்து பார்க்கிறார்.

கழித்த பிறகு

60 கிலோ தண்டவாளம் ஏறக்குறைய 80 கோடி டன் எடையைத் தாங்கியபின் மாற்றப்பட வேண்டும் என்பது ரயில்வே வைத்திருக்கும் கணக்கு. ஆனால் மாற்றியது எல்லாம் கழிவு அல்ல. நாம் சரக்கைத் தரம் பிரிப்பதுபோல் அவர்களும் பிரிக்கிறார்கள். நல்லவை வேகம் குறைந்த பக்கப் பாதைக்கும் சரக்குத் தளப் பாதைக்கும் போகின்றன. முனை மட்டும் கெட்டிருந்தால் அதை வெட்டிவிட்டுப் பற்றவைத்துக்கொள்கிறார்கள். பாதைக்கு உதவாதது ஏலத்துக்கு வருகிறது. மறு உருட்டு ஆலைகள் அதை வாங்கி வேறு உருப்படிகளாக மாற்றுகின்றன.

ஏலக்காய், மிளகு வியாபாரம் செய்பவர்களுக்கு போடிநாயக்கனூர் பாதையைச் சொன்னால் இது எளிதில் விளங்கும். 1928-ல் திறந்த அந்தப் பாதை, இரண்டாம் உலகப் போரில் இரும்புத் தேவைக்காகப் பெயர்த்து எடுக்கப்பட்டது. 1950களில் மறுபடி போடப்பட்டது. மீட்டர் பாதையை அகலப் பாதையாக்க 2010 டிசம்பர் இறுதியில் மூடினார்கள். 2022 மே மாதம் தேனி வரையிலும், 2023 ஜூனில் போடி வரையிலும் ரயில் மீண்டும் வந்தது. ஆக, ஒரே தடத்துக்கு மூன்று முறை தண்டவாளம் போட்டிருக்கிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். பழைய தண்டவாளம் வாங்கலாமா? வாங்கலாம், இரண்டு நிபந்தனைகளின் பேரில்.

முதலாவது, சட்டம். ரயில்வே சொத்துகளைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதைத் தண்டிக்க 1966-ல் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. திருட்டுச் சொத்து என்று நியாயமான சந்தேகம் எழும் பொருள் நம்மிடம் இருந்தால், அது முறையாக வந்தது என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். முடியாவிட்டால் முதல் குற்றத்துக்கே ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. தெரிந்தே இடம் கொடுத்து உடந்தையாக இருந்த கட்டடக்காரருக்கும் தண்டனை உண்டு. கிட்டங்கியை வாடகைக்கு விடுபவர்கள் இதை மறக்கக் கூடாது.

ஆகவே ரயில்வே ஏலத்தில் எடுத்த வியாபாரியிடம் மட்டும் வாங்குங்கள். ஏலத் தொகை கட்டிய ரசீதின் நகல், சரக்கை வெளியே எடுக்க ரயில்வே கொடுத்த அனுமதியின் நகல், எடை குறித்த ஜி.எஸ்.டி. பில் ஆகிய மூன்றையும் கேட்டு வாங்கி, கட்டடம் இருக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள். இரவில் வண்டியில் கொண்டுவந்து பாதி விலைக்குத் தருகிறேன் என்பவரிடம் வாங்கவே வேண்டாம்.

இரண்டாவது, பலம். மேலே சொன்ன கரிச் சத்து இங்கேதான் வேலையைக் காட்டும். தேய்மானத்துக்கு உதவிய அதே கடினம், பற்றவைக்கும்போது எதிரியாகிறது. சாதாரண வெல்டிங் வைத்தால் அந்த இடம் சட்டென ஆறி, கண்ணாடிபோல் நொறுங்கும் தன்மை பெறும். இரண்டு துண்டைப் பற்றவைத்து நீளமாக்கிய தண்டவாளத்தை உத்தரத்துக்குப் போடாதீர்கள். முழு நீளமாக இருந்தாலும் உள்ளே வெடிப்பு இருக்கலாம். தேய்ந்ததில் பலமும் குறைந்திருக்கும். 50 கிலோ மூட்டை 100 அடுக்கினால் 5 டன். அதன் கீழே நம் கடைப் பையன்கள் நின்று வேலை செய்கிறார்கள். பொறியாளர் பார்த்துச் சம்மதித்தால் மட்டுமே மேலே ஏற்றுங்கள்.

ஏற்கெனவே தண்டவாள உத்தரம் உள்ள கட்டடத்தில் இருப்பவர்கள் வருடம் ஒருமுறை சுவருக்குள் நுழையும் முனையைச் சுரண்டிப் பாருங்கள். ஈரம் தேங்கித் துரு பிடிப்பது பெரும்பாலும் அங்கேதான். தண்டவாளத்தைத் தூணாக நட்டிருந்தால் அதை ஒட்டி உப்பு மூட்டை அடுக்காதீர்கள். துரு இருந்தால் சுரண்டி, துரு தடுப்பு வண்ணம் இரண்டு பூச்சு அடியுங்கள். துரு ஏடு ஏடாக உரிந்து வந்தால் வண்ணம் போதாது. அன்றே சுமையை இறக்கிவிட்டுப் பொறியாளரை அழையுங்கள்.

எடையும் தேதியும் தரமும் பில்லும் பார்க்காமல் நாம் எந்தச் சரக்கையும் கடைக்குள் ஏற்றுவதில்லை. தலைக்கு மேலே ஏற்றும் இரும்புக்கும் அதே வழக்கத்தைக் கடைப்பிடிப்போம்.