கால் எரிச்சலா? குடும்பத்தையும் விசாரியுங்கள்!

கால் மரத்துப்போனாலே, ‘சர்க்கரையாக இருக்கும்’ என்கிறோம். அப்பாவுக்கும் அத்தைக்கும் இதே தொல்லை என்றால், நரம்புக் கோளாறு பரம்பரையாகவும் வந்திருக்கலாம்.

● யாருக்கு, எந்த வயதில் தொடங்கியது, சொந்தத்தில் திருமணம் உண்டா என மூன்று தலைமுறை விவரத்தை எழுதி நரம்பியல் மருத்துவரிடம் கொடுங்கள்.

● உயர்ந்த பாத வளைவு, மடங்கிய கால்விரல்கள், அடிக்கடி கால் பிசகுவது, செருப்பு நழுவுவது ஆகியவற்றை மறக்காமல் சொல்லுங்கள். பரம்பரை நரம்பு நோய்களில் பரவலான ‘சார்கோ-மேரி-டூத்’ நோயின் அடையாளங்களாக இவை இருக்கலாம்.

● முதலில் சர்க்கரை, பி12, தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள். சரிசெய்யக்கூடிய சில காரணங்கள் இருந்தால் இவற்றில் தெரியவரலாம்.

● நரம்புக் கடத்தல் பரிசோதனை ‘நார்மல்’ என்றால் வலி பொய் என்று அர்த்தமில்லை. அது தடித்த நரம்பிழைகளையே அளக்கும். மெல்லிய இழைகளின் பாதிப்பை அறியத் தோல் பயாப்ஸி உதவும்.

● மரபணுப் பரிசோதனை என்றால், சார்கோ-மேரி-டூத் நோய்க்குக் காரணமாகும் ‘பிஎம்பி22’ மரபணு இரட்டிப்பையும் அது கண்டறியுமா எனக் கேளுங்கள். முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை அவசியம்.

● சார்கோ-மேரி-டூத் நோய் உறுதியானால் எந்த மருத்துவரிடமும் அதை முதலில் சொல்லுங்கள். வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து இந்நோய் உள்ளவர்களின் நரம்பை மோசமாகத் தாக்கலாம்.