நாலு மூட்டை எதனால் வந்தது?



வங்கியில் இருந்தபோது எந்தக் கணக்கையும் சரிபார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன். ஓய்வு பெற்று, காட்டுமன்னார்கோயில் பக்கம் வயலில் இறங்கியதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. அதனால் நஷ்டப்பட்டவர் பக்கத்து வயல்காரர்.

முந்தின சம்பாவில் என் கீழ்வயலுக்கு பஞ்சகவ்யா தெளித்தேன்; மேல்வயலுக்குத் தெளிக்கவில்லை. கீழ்வயலில் ஏக்கருக்கு 22 மூட்டை, மேல்வயலில் 18. சிதம்பரத்தில் நடந்த உழவர் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, "பஞ்சகவ்யாவால் நாலு மூட்டை கூடுதல்" என்றேன். கை தட்டினார்கள். அதை நம்பிய அவர், அடுத்த சம்பாவில் மேலுரத்தை அடியோடு நிறுத்தி, பஞ்சகவ்யா மட்டும் தெளித்தார். கண்டது 13 மூட்டை. அவர் உழுவது குத்தகை நிலம்.

"சார், உங்களுக்கு வந்தது எனக்கு ஏன் வரல?" என்றார். பதில் இல்லை. வீட்டுக்கு வந்து என் நோட்டைப் புரட்டினேன். கீழ்வயல் வாய்க்காலை ஒட்டியது. அதில் தக்கைப்பூண்டு மடக்கி உழுதிருந்தேன். எட்டு நாள் முன்னதாக நட்டிருந்தேன். பஞ்சகவ்யாவோடு சேர்த்து நாலு வித்தியாசம்! நாலு மூட்டையை எது கொடுத்தது என்று யாரால் சொல்ல முடியும்?

இப்படி மாறக்கூடிய ஒவ்வொன்றையும் அறிவியலில் 'மாறி' என்பார்கள். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறி, இங்கே பஞ்சகவ்யா. அதனால் மாறுகிறதா என்று அளப்பது சார்ந்த மாறி, இங்கே மகசூல். விதை, நடவு நாள், தண்ணீர், அடியுரம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றாகவே இருக்க வேண்டும். பஞ்சகவ்யா பெறாத பாத்திதான் 'கட்டுப்பாட்டுப் பாத்தி'. அது இல்லாவிட்டால் ஒப்பிட ஆளில்லை.

கோயம்புத்தூரில் வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் 1909-ல் தொடங்கிய நிரந்தர உரச் சோதனையில் உரமே போடாத பாத்தியும் உண்டு. இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டட்டில் 1843 முதல் எருவோ உரமோ போடாமலே ஒரு பாத்தியில் கோதுமை விதைத்து வருகிறார்கள். மற்ற பாத்திகளின் மகசூலை மதிப்பிட அதுதான் அளவுகோல்.

இந்தச் சம்பாவில் நானும் பக்கத்து வயல்காரரும் என் வயலில் செய்யப்போவது இதுதான்:

1. ஒரே வயல், ஒரே விதை, ஒரே நாள் நடவு. மடைப் பக்கம், நடு, கடை என மூன்று இடத்தில் இரண்டிரண்டு பாத்தி. ஒரு ஜோடி மட்டும் போதாது. எலி வெட்டினால் கணக்கே போச்சு.

2. ஜோடியில் எதற்குத் தெளிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வோம். நாமே தேர்ந்தெடுத்தால் செழித்த பாத்திக்குத்தான் கை போகும். ராத்தம்ஸ்டட்டில் வேலை பார்த்த ஃபிஷர் என்ற புள்ளியியல் அறிஞர் வலியுறுத்திய முறை இது.

3. தெளிக்கும் பாத்திக்கு 10 லிட்டர் டேங்குக்கு 300 மில்லி பஞ்சகவ்யா. மற்றதற்கு அதே நாள், அதே அளவு வெறும் தண்ணீர். களையெடுப்பும் காவலும் இரண்டுக்கும் ஒன்றுதான். கட்டுப்பாட்டுப் பாத்தி என்று கவனிக்காமல் விட்டால் அதுவும் கள்ளக் கணக்குதான்.

4. மெஷின் இறங்குவதற்கு முன், ஓரத்தை விட்டு நடுவில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அறுத்து, ஒரே மாதிரி காயவைத்து எடை போடுவோம். பயிர்க் காப்பீட்டுக்கு நெல்லை அறுத்துப் பார்க்கும் அளவும் இதுதான். இதில் ஒரு கிலோ என்றால் ஏக்கருக்குச் சுமார் 162 கிலோ. எடை போடுபவரிடம் எது எந்தப் பாத்தி என்று சொல்லமாட்டோம்.

மூன்று ஜோடியிலும் தெளித்த பக்கமே கூடினால் நம்பிக்கை வரும். ஒன்றில் கூடி ஒன்றில் குறைந்தால் அடுத்த சம்பாவிலும் பார்க்க வேண்டும். எப்படி வந்தாலும் ஆறு எடையையும் அப்படியே எழுதி அனுப்புகிறேன். வித்தியாசமே இல்லை என்று வந்தாலும் மறைக்கமாட்டேன். இயற்கை விவசாயத்தை நம்பி வருகிறவர் பெரும்பாலும் கடனோடுதான் வருகிறார். அவரிடம் நாம் சொல்லும் மூட்டைக் கணக்கு சரியாக இருக்க வேண்டாமா?