ஊரின் பெயரும் ஊர் மக்களின் கணக்கும்



"நீங்கள் எந்த ஊர்?" என்று கேட்டால், நாம் இப்போது தங்கியிருக்கும் இடத்தைச் சொல்வதில்லை. விட்டு வந்த ஊரின் பெயரே வாயில் வருகிறது. ஓர் ஊர்ப் பெயர் எப்படி வாழ்கிறது, எப்போது மறைகிறது என்பதை முன்னேஸ்வரத்தை வைத்துப் படிப்போம்.

பெயர் வந்த வழி

முன்னேஸ்வரம் சிலாபம் நகரை அடுத்த கிராமம். 'முன்', 'ஈஸ்வரம்' என்ற இரு சொற்கள் சேர்ந்த பெயர் இது. முந்திய சிவாலயம் என்று பொருள் கொள்வர். திருக்கேதீஸ்வரம் போல, கோயிலின் பெயரே ஊருக்கும் ஆயிற்று.

கோட்டை அரசன் ஆறாம் பராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டில் இக்கோயிலுக்கு நிலம் வழங்கியதைக் கல்வெட்டில் பொறித்தான். 1578இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். அதில் கிறிஸ்தவ மறைபரப்பாளருக்கும் பங்கிருந்தது. திருச்சபையினராகிய நாம் இதை மறைக்கலாகாது. 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் காலத்தில் கோயில் மீண்டும் எழுந்தது. கட்டடம் இல்லாத காலத்திலும் பெயர் அழியவில்லை. மக்கள் அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

மக்கள் மாறினாலும்

இன்று அக்கிராமத்திலும் சுற்றுப்புறத்திலும் சிங்கள மக்களே பெரும்பான்மையினர். சிலாபக் கரையோரத்தில் தமிழ் பேசிய பல குடும்பங்கள் சில தலைமுறைகளில் சிங்களம் பேசத் தொடங்கின. பள்ளிக்கூடத்திலும் தேவாலயத்திலும் மொழி மாறியது அதற்கு ஒரு காரணம். ஆயினும் சிங்களவரும் அவ்வூரை முன்னேஸ்வரம் என்றே அழைக்கின்றனர். ஆவணித் திருவிழாவுக்கும் பத்திரகாளி கோயிலுக்கும் திரளாக வருகின்றனர். ஆகவே ஒரு பெயர் ஓர் இனத்துக்கு மட்டும் உரியதன்று. அந்த மண்ணில் வாழும் எல்லோருக்கும் உரியது.

கணக்கில் விடுபட்ட ஊர்கள்

1981க்குப் பின் 1991இல் குடிசன மதிப்பீடு நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே அது முழுமையாக நடந்தது. 2012இல்தான் நாடு முழுவதும் மீண்டும் எண்ணினார்கள். இடையில் 31 ஆண்டுகள்! 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் பல புத்தளத்தில் தங்கின. தங்கிய இடத்தில் தலை எண்ணப்பட்டது. விட்டு வந்த ஊரில் அவர்கள் இருந்ததை அந்தக் கணக்கு சொல்லாது. அரசாங்கம் எழுதாததை நாமே எழுத வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஒரு கொப்பி எடுங்கள். வயது முதிர்ந்தவர்களை நடுவில் இருத்தி, இளையோர் எழுதட்டும்.

1. ஊரின் பெயர், அதற்குப் பெரியோர் சொல்லும் காரணம்.
2. குளம், வாய்க்கால், வயல், கோயில், கிணறு ஆகியவற்றின் பெயர்கள்.
3. வெளியேறிய ஆண்டில் இருந்த குடும்பங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை பேர்.
4. ஒவ்வொரு காணியின் நான்கு எல்லைகள். உறுதியோ அனுமதிப்பத்திரமோ இருந்தால் அதன் இலக்கம்.
5. அயலில் வாழ்ந்த பிற மதத்தார், பிற மொழியாரின் குடும்பங்கள். அவர்களை விட்டு எழுதினால் கணக்கு பொய்யாகிவிடும்.

இரண்டு பிரதிகள் எழுதி வெவ்வேறு வீடுகளில் வையுங்கள். காணி விசாரணைக்குப் போகும்போது இக்கொப்பி உறுதிக்கு ஈடாகாது. ஆனால் எதைக் கேட்பது, யாரைச் சாட்சிக்கு அழைப்பது என்று காட்டும்.

சிந்திக்க: உங்கள் ஊரின் வயல்களில் எத்தனை பெயர்களை உங்கள் பிள்ளைகளால் சொல்ல முடியும்?