தடுத்தாடிய ஜர்னெயில் சிங்

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கோல் போட்டவர்களைப் பற்றியே எழுதுகின்றனர். பந்து வலைக்குள் புகுந்தால் அதற்கு ஒரு நிமிடக் கணக்குண்டு. போட்டவர் பெயர் மறுநாள் பத்திரிகையில் வரும். புக இருந்த பந்தை ஒருவர் பெனால்டி எல்லையில் காலை நீட்டித் தட்டி விட்டாரென்றால், அதற்குக் கணக்கும் இல்லை, பெயரும் இல்லை. எங்கள் விடுதி அணியில் ஸ்டாப்பராக நிற்பவன் என்ற முறையில் இந்தக் குறை எனக்குச் சற்று அதிகமாகவே உறைக்கிறது என்று நண்பர்கள் கேலி செய்யலாம். செய்யட்டும். இந்திய நாடு கண்ட தலைசிறந்த ஸ்டாப்பர்களில் ஒருவரான ஜர்னெயில் சிங்கின் ஆட்ட வாழ்வை ஆராய்ந்தால், குறை என்னுடையது மட்டுமன்று என்பது தெரியும்.

முதலில் ஸ்டாப்பர் என்பவர் யார் என்று பார்ப்போம். பழைய முறையில் பின்னால் இரண்டு பேர், நடுவில் மூன்று பேர், முன்னால் ஐந்து பேர் நின்று ஆடினர். 1925-ஆம் ஆண்டில் ஆஃப்சைடு விதி தளர்த்தப்பட்டது. அதுவரை, பந்து தரப்படும் நேரத்தில் எதிரணியினர் மூவராவது தனக்கும் கோல் எல்லைக்கும் இடையில் இருந்தால்தான் முன்னணி ஆட்டக்காரர் தவறின்றி நிற்க முடியும். அவ்வாண்டு முதல் இருவர் இருந்தால் போதும் என்றாயிற்று. விளைவு என்ன? முன்னணி வீரர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைத்தது, கோல்கள் குவிந்தன. அதைத் தடுக்க, நடுவரிசையின் மையத்தில் நின்றவரை இரு பின்காவலர்களுக்கும் இடையே இழுத்து நிறுத்தினர். எதிரணியின் சென்டர் ஃபார்வர்டை விடாமல் பற்றிக்கொள்வதே அவர் தொழில். இவ்வாறு பிறந்தவர்தான் ஸ்டாப்பர்.

இவர் செய்ய வேண்டியதில் மிகக் கடினமானது பந்தைப் பிடுங்குவதன்று. எப்போது பிடுங்கப் போகக்கூடாது என்று அறிவதாகும். எதிராளி பந்தோடு வருகிறான். அவசரப்பட்டுப் பாய்ந்தால் அவன் ஒரு தட்டுத் தட்டித் தாண்டிப் போய்விடுவான். பின்னால் கோல்காப்பாளரைத் தவிர யாருமில்லை. ஆகவே அவனுக்கும் கோலுக்கும் நடுவில் உடலை வைத்து, பின்னோக்கி நடந்தபடியே, அவனை ஓரத்திற்கு ஒதுக்க வேண்டும். பந்து அவன் காலை விட்டு ஒரு முழம் விலகுகிற அந்த நொடியில் மட்டுமே பாய வேண்டும். உயரத்தில் வரும் பந்துகளைத் தலையால் முட்டி அனுப்புவது வேறு. இதையெல்லாம் சரியாகச் செய்தவனைப் பார்வையாளர்கள் கவனிப்பதேயில்லை. ஒரே ஒருமுறை தவறியவனை மூன்று ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பர்.

ஜர்னெயில் சிங் 1936-இல் பிறந்தவர். அவர் குடும்பம் அன்று லயால்பூர்ப் பகுதியில் வாழ்ந்தது. 1947-இல் நாடு பிரிந்தபோது எல்லை கடந்து இப்பக்கம் வந்தது. அவர் படித்தது ஹோஷியார்பூர் மாவட்டத்தில் மாஹில்பூர் என்னும் சிற்றூரிலுள்ள கல்சா கல்லூரியில். இன்றும் பஞ்சாபில் கால்பந்துக்குப் பேர்போன ஊர் அது. கல்லூரி மைதானத்தில் தொடங்கியவர் என்பதால் நமக்கு அவர் சற்றே உறவுக்காரர் என்று உரிமை கொண்டாடலாம். பின் கல்கத்தா சென்றார். முதலில் ராஜஸ்தான் கிளப், 1959 முதல் மோகன் பகான். அக்குழு 1962 முதல் 1965 வரை தொடர்ந்து நான்கு முறை கல்கத்தா லீக்கையும், 1963 முதல் 1965 வரை தொடர்ந்து மூன்று முறை டுராண்ட் கோப்பையையும் வென்றது. அந்த வெற்றிகளின் முதுகெலும்பு அவர்.

இங்கே ஒரு வார்த்தை. இன்று தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் ஒப்பந்தமும் சம்பளமும் நம் நினைவுக்கு வருகின்றன. அன்று ஒலிம்பிக்கில் ஆட வேண்டுமானால் பொழுதுபோக்குக்காக ஆடுகிறவர் என்ற பெயர் இருந்தாக வேண்டும். ரயில்வே போன்ற நிறுவனங்களில் வேலை கிடைத்தவர்கள் அதைக்கொண்டு குடும்பம் நடத்தினர். முழு நேரமும் உயிரைக் கொடுத்து ஆடியவர்களை ‘பொழுதுபோக்கு ஆட்டக்காரர்’ என்று அழைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்டாப்பரின் வேலைக்குக் கணக்கில்லை என்றேன். எனினும் தேடினால் நிழல்போல ஒரு கணக்குக் கிடைக்கிறது. 1952-இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியா நம்மை 10-1 என்று தோற்கடித்தது. 1960-இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் ஜர்னெயில் சிங் பின்னணியில் நின்ற அணி ஹங்கேரியிடம் 1-2, பெருவிடம் 1-3 என்று தோற்றது. பிரான்சோடு 1-1 என்று சமன் செய்தது. மூன்று ஆட்டங்களிலும் சேர்த்து நாம் விட்ட கோல் ஆறுதான். ஹெல்சிங்கியில் நம்மவர் பலர் வெறுங்காலோடு ஆடினர், குளிர் வாட்டியது. எல்லா மாற்றத்தையும் ஒருவர் தோளில் ஏற்றுவது நியாயமாகாது. பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீமின் பங்கு பெரிது. இருந்தாலும் ஃப்ளோரியான் ஆல்பெர்ட் போன்றவர் ஆடிய ஹங்கேரியை இரண்டு கோலில் நிறுத்தியது சிறிய காரியமா?

இனி 1962. ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. அடுத்துத் தாய்லாந்தை 4-1 என்று வென்றோம். ஆனால் அந்த ஆட்டத்தில் ஜர்னெயில் சிங்கின் தலை உடைந்து தையல் போட வேண்டியதாயிற்று. ஜப்பானையும் 2-0 என்று வென்று அரையிறுதிக்கு வந்தபோது ரஹீம் ஒரு துணிகரமான ஏற்பாடு செய்தார். தையல் போட்ட தலையோடு வந்தவரை வெளியே உட்கார வைக்காமல், சென்டர் ஃபார்வர்டாக அனுப்பினார்; அவர் விட்ட இடத்தை அருண் கோஷ் காத்தார். ஏன் முன்னால் அனுப்பினார்? என் கணிப்பு இது: பின்னணியில் நிற்பவர் உயரே வரும் ஒவ்வொரு பந்தையும் முட்டியே ஆக வேண்டும், முன்னணியிலிருப்பவர் எந்தப் பந்துக்குத் தலை கொடுப்பதென்று தாமே தேர்ந்துகொள்ளலாம். மேலும், ஆயுள் முழுதும் சென்டர் ஃபார்வர்டுகளைப் பிடித்தவருக்கு, பிடியிலிருந்து நழுவும் வழியும் தெரிந்திருக்கும் அல்லவா?

தெற்கு வியட்நாமை 3-2 என்று வென்ற அரையிறுதியில் அவர் ஒரு கோல் போட்டார். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டம். எதிரே மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் இந்தோனேசியா அழைக்காததை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்ததால் ஊரே நம்மீது கொதித்திருந்தது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் நம் அணிக்கு எதிராகக் கூச்சலிட்டனர். 17-ஆம் நிமிடத்தில் பி. கே. பானர்ஜி ஒரு கோல். 20-ஆம் நிமிடத்தில் ஜர்னெயில் சிங் இரண்டாவது. ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒன்றைத் திருப்பியது. 2-1 என்று தங்கப் பதக்கம் நமக்கு. கோல்முகத்தில் நின்றவர், காய்ச்சலிலிருந்து எழுந்து வந்த பீட்டர் தங்கராஜ். நம் நீலகிரியின் வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்டல் சென்டர் அணிக்காக டுராண்ட் கோப்பை ஆடிப் புகழ்பெற்றவர் அவர்.

1964-இல் ஜர்னெயில் சிங்குக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. பின்னர் இந்திய அணிக்குத் தலைமையும் தாங்கினார். பஞ்சாப் 1970-இல் சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக வென்றபோது அவ்வணியைப் பயிற்றுவித்தவர் அவரே. பிற்பாடு அம்மாநில விளையாட்டுத் துறையில் பெரும்பதவி வகித்து, 2000-இல் கனடாவின் வான்கூவரில் காலமானார்.

அவரைப் பற்றி யாரைக் கேட்டாலும் ஜகார்த்தாவின் அந்த இரண்டு கோல்களையே சொல்கின்றனர். பத்தாண்டுக்கு மேல் தடுத்தாடியவரை, இரண்டே ஆட்டங்களில் முன்னால் போனதற்காக நினைவில் வைத்திருக்கிறோம்! அன்றைய இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில், சமன் செய்யத் துடித்த கொரியர்களைத் தடுத்து நிறுத்திய அருண் கோஷின் பெயரையோ அதிலும் குறைவானவர்களே அறிவர். நம் மன்றத்தில் வங்க மொழி படிக்கத் தெரிந்த நண்பர்கள் இருக்கின்றனர். கல்கத்தாவின் பழைய பத்திரிகைக் கட்டுகளில் அந்நாளைய ஆட்ட வருணனைகளைத் தேடி, எந்த நிமிடத்தில் யார் எப்படித் தடுத்தார் என்று எவரேனும் தொகுத்துத் தந்தால், தமிழாக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.