மெல்லிய தானியங்கிக் கைக்கடியாரம்

சென்ற கோடை விடுமுறையில், கொல்லிமலையிலுள்ள வாழவந்தி நாட்டில் நண்பரொருவர் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். மிளகுத் தோட்டத்தில் ஓயாதுழைக்கும் அவர்தம் தந்தையார் சுரங்கண்டு மூன்று நாள் படுக்கையிற் கிடந்தார். அவர் கழற்றி வைத்த கைக்கடியாரம் இரண்டாம் நாள் நின்றுவிட்டது. பழுதென்றெண்ணி வருந்தினோம். நான்காம் நாள் அவர் அதனை அணிந்து தோட்டத்திற்குச் செல்லவே, அது மீண்டும் ஓடலாயிற்று. இதன் காரணத்தை ஆராயப் புகுந்தோம்.

தானியங்கிக் கடியாரத்திற்கு நாடோறும் சாவி கொடுத்தல் வேண்டா. கை அசையுந்தோறும் உள்ளிருக்கும் பாரத்தகடு சுழன்று, பற்சக்கரங்களின் வாயிலாக விற்சுருளை முறுக்கும். அச்சுருள் மெல்ல விரிந்து முட்களை நடத்தும். முழுதும் முறுக்கேறியது, கையினின்று நீங்கினும் ஏறத்தாழ 40 மணி நேரம் ஓடுதல் பெரும்பான்மை.

ஆங்கிலேயராகிய ஜான் ஹார்வுட் 1924-ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தில் காப்புரிமை பெற்ற கடியாரத்தில், பாரம் இருபுறமும் மோதித் திரும்பிற்று. 1931-இல் ரோலெக்ஸ் நிறுவனத்தார் அதனை முழு வட்டமாகச் சுழலச் செய்தனர். ஆயினும் இயந்திரத்தின்மேல் பாரம் ஏறியமையால் கடியாரம் தடித்தது. அதனை மெலிவித்தல் எங்ஙனம்?

இதற்கு மூன்று வழிகள் கண்டனர். முதலாவது, பாரத்தைச் சிறிதாக்கி இயந்திரத்தினுள்ளேயே பதித்தல். 1950-களில் பியூரன், யுனிவர்சல் நிறுவனங்கள் இதனைக் கையாண்டன. சிறிய பாரத்திற்கு விசை குறைவாதலின், 1960-இல் பியாஜே நிறுவனத்தார் எடைமிக்க பொன்னால் அதனை அமைத்து, இயந்திரத்தின் தடிப்பை 2.3 மில்லிமீட்டராக்கினர். இரண்டாவது, பெரிய பாரத்தையே மெல்லியதாக்கி, அது தொய்யாதவாறு அதன் விளிம்பை மாணிக்க உருளைகளால் தாங்குதல். 1967-இல் ஜேகர் லெகூல்த்தர் இவ்வாறு 2.45 மில்லிமீட்டரில் முடித்தது. மூன்றாவது, பாரத்தை வளையமாக்கி இயந்திரத்தைச் சூழ ஓடவிடல். இம்முறையால் 2018-இல் புல்காரி நிறுவனம் 1.95 மில்லிமீட்டரை எய்தியது.

நம் தமிழகமும் இத்துறையிற் பின்தங்கியதன்று. ஓசூரில் தொழிற்சாலையுடைய டைட்டன் நிறுவனம் 2002-இல் வெளியிட்ட 'எட்ஜ்' கடியாரத்தின் இயந்திரம் 1.15 மில்லிமீட்டரே, கடியாரம் முழுவதும் 3.5 மில்லிமீட்டர். ஆயின் அது மின்கலத்தால் இயங்கும் குவார்ட்சு வகையது. விற்சுருளும் சுழல்பாரமும் அதற்கு வேண்டா. எனவே இவ்விரண்டையும் ஒரே அளவுகோலால் ஒப்பிடுதல் பொருந்தாது.

மின்கலக் கடியாரம், அணிவார் உறங்கினும் உழைப்பினும் ஒருபடித்தாய் ஓடும். தானியங்கியோ அணிவாரின் அசைவையே உணவாகக் கொள்வது. நண்பரின் தந்தையார் கை ஓய்ந்தபோது அதுவும் ஓய்ந்தது; அவர் எழுந்தபோது அதுவும் எழுந்தது. நோய் நீங்கிற்றென்னும் நற்செய்தியை எமக்கு முதலில் உரைத்தது அச்சிறு ஒலியேயாம்.