மண்ணுக்கு மட்டுமா காற்றோட்டம்?

மண் இறுகிப்போனா வேருக்கு மூச்சு முட்டும்னு நமக்குத் தெரியும். அதனாலதான் மூடாக்கு போடுறோம், மண்புழுவைப் பெருக்குறோம், தோட்டத்துல தண்ணி தேங்காம வடிச்சு விடுறோம். வேரோட மூச்சுக்கு இவ்வளவு பார்க்கிற நாம், நம்ம மூச்சைக் கவனிக்கிறதே இல்லை. குனிஞ்சு களை எடுக்கும்போது வயிறு மடங்கி, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. கடன், மழை, விலை என்று கவலையும் சேர்ந்தால் அது இன்னும் குறுகிப்போகிறது.

வாய்க்கால் கணக்கு

சும்மா இருக்கும்போது ஒரு மூச்சுக்கு ஏறக்குறைய 500 மில்லி காற்று உள்ளே போகிறது. இதில் சுமார் 150 மில்லி மூக்கு, தொண்டை, மூச்சுக்குழாயிலேயே நின்றுவிடும். அது ரத்தத்தில் சேராது. வாய்க்கால் குடிக்கிற தண்ணி மாதிரி. மீதிதான் வயலுக்குப் பாயும்.

நிமிடத்துக்கு 12 முறை, 500 மில்லி வீதம் மூச்சு விட்டால் மொத்தம் 6 லிட்டர். அதில் 4.2 லிட்டர் வயலுக்குப் போய்ச் சேரும். 24 முறை, 250 மில்லி வீதம் விட்டாலும் மொத்தம் அதே 6 லிட்டர்தான். ஆனால் போய்ச் சேர்வது 2.4 லிட்டர் மட்டுமே. மேலோட்டமா வேகவேகமா விடுற மூச்சுல உழைப்பு அதிகம், பலன் குறைவு. மூச்சுப்பயிற்சியில் முதலில் பழக வேண்டியது இதைத்தான்: மெதுவாக, ஆழமாக, மூக்கு வழியாக.

மூன்று பயிற்சிகள்

காலையில் வெறும் வயிற்றில் செய்வது நல்லது. சாப்பிட்டிருந்தால் 3 மணி நேரமாவது போகட்டும். கால் மடக்கி உட்கார முடியாதவர்கள் நாற்காலியிலோ திண்ணையிலோ முதுகை நிமிர்த்தி உட்காரலாம்.

1. வயிற்று மூச்சு: பாயில் மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்குங்க. ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூச்சு உள்ளே போகும்போது வயிற்றுக் கை மேலே எழும்பணும், நெஞ்சுக் கை பெரிசா அசையக்கூடாது. 5 நிமிடம். ஒரு வாரம் இதை மட்டும் செய்யுங்க.

2. நீள வெளிமூச்சு: மனசுக்குள் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை விடணும். இப்படி விட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு வரும். வெளிமூச்சு நீளும்போது நெஞ்சுத் துடிப்பு தணியும். ராத்திரி தூக்கம் வராமல் புரள்கிறவர்கள் படுத்தபடியே செய்யலாம்.

3. நாடி சுத்தி: வலது கை ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மடக்கிக்கொள்ளுங்க. கட்டைவிரலால் வலது மூக்கை அடைத்து இடது வழியா இழுங்க. மோதிரவிரலால் இடதை அடைத்து வலது வழியா விடுங்க. பிறகு வலது வழியாவே இழுத்து, இடது வழியா விட்டா ஒரு சுற்று. 5 சுற்றில் தொடங்கி மெல்லமெல்ல 9 வரை கூட்டலாம்.

மூச்சை அடக்காதீங்க

திருமூலர் திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் 16 மாத்திரை இழுத்து, 64 மாத்திரை அடக்கி, 32 மாத்திரை விடுவதைச் சொல்கிறார். அது ஆசான் பக்கத்தில் இருந்து பழகுகிறவர்களுக்கு. நாம் இழுக்கிறதும் விடுறதும் மட்டும் செய்தால் போதும். ரத்தக்கொதிப்பு, இதயநோய், குடலிறக்கம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகப் பயிற்சிகளைத் தொட வேண்டாம். தலை சுற்றினால் உடனே நிறுத்தி, இயல்பாக மூச்சு விடுங்க.

காட்டு வேலையிலும் இது உதவும். மூட்டை தூக்கும்போது மூச்சை இறுக்கிப் பிடித்தால் ரத்த அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்க.

எந்தக் காற்றை இழுக்கிறோம்?

ஆழமா மூச்சு விடப் பழகின பிறகு இந்தக் கேள்வி முக்கியம். இயற்கை விவசாயத்துல விஷம் இல்லை. ஆனால் தூசி உண்டு. நனைஞ்சு பூஞ்சணம் பிடிச்ச வைக்கோலை உதறும்போதும், காய்ந்த மக்கு உரத்தைக் கிளறும்போதும் நுண்வித்துகள் பறக்கும். இதைத் தொடர்ந்து சுவாசித்தால் 'உழவர் நுரையீரல்' என்ற ஒவ்வாமை நோய் வரலாம். வேலை செய்த சில மணி நேரம் கழித்துக் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்து, அடுத்த நாள் தானாகவே தணியும். சளிக்காய்ச்சல்னு விட்டுடுவோம். பலமுறை வந்தால் நுரையீரல் தழும்பேறிவிடும். பிறகு எந்தப் பயிற்சியாலும் அதை மீட்க முடியாது.

அதனால் வைக்கோலை நன்றாகக் காயவைத்துப் போர் போடுங்க. மக்கு உரத்தைத் தண்ணி தெளித்துக் கிளறுங்க. காற்று முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நில்லுங்க. துண்டு இந்த நுண்தூசியைத் தடுக்காது. என்95 முகக்கவசம் போடுங்க. களத்திலும் மாட்டுக்கொட்டகையிலும் மூச்சுப்பயிற்சி வேண்டவே வேண்டாம்.

ஆஸ்துமாவுக்கு மருந்து உறிஞ்சுகிறவர்கள் பயிற்சியை நம்பி அதை நிறுத்தக்கூடாது. பக்கத்துக் காட்டில் அடிக்கிற பூச்சிமருந்து காற்றில் வந்து, மூச்சு முட்டல், வாந்தி, கண் மங்கல் என்றால் அந்த இடத்தை விட்டு நகர்ந்து, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. முடிந்தால் மருந்தின் பெயரைக் கேட்டுச் சொல்லுங்க; மருத்துவருக்கு உதவும்.

விதை ஊன்றின மறுநாளே முளையைத் தேட மாட்டோம். இதற்கும் ஒரு மாதம் கொடுங்க. காலையில் சாணி கரைக்கிறதுக்கு முன்னால 15 நிமிடம் ஒதுக்கினால் போதும்.